நிருபரை அடித்தால் தனிச் சட்டம் வேண்டுமா? வேலூர் மாவட்ட விவாதம்

காட்பாடிக்காரன்
பாலாற்றில் ராத்திரி மணல் அள்ளுவதைப் படம் எடுத்த தாலுகா நிருபர் ஒருவரை மடக்கி, கன்னத்தில் அறைந்து, செல்போனை உடைத்து அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்ததற்குக் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கினோம் என்ற சீட்டு மட்டும், எஃப்.ஐ.ஆர். இல்லை. மகாராஷ்டிரத்தில் 2017இலேயே இதற்குத் தனிச் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள். மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. நம் மாநிலத்தில் டாக்டரை அடித்தால் 2008 சட்டப்படி குறைந்தது மூன்றாண்டு. நிருபருக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை?

சத்துவாச்சாரி வக்கீல்
சட்டம் போட்டால் அடி நின்றுவிடுமா? மகாராஷ்டிரத்தில் சட்டம் இருக்கும்போதுதான் 2023இல் ராஜாபூரில் ஒரு செய்தியாளரைக் கார் ஏற்றிக் கொன்றார்கள். சத்தீஸ்கரும் இதே மாதிரி சட்டத்தை 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பீஜப்பூர் செய்தியாளரின் உடலைச் செப்டிக் டேங்கிலிருந்து எடுத்தார்கள். நம் மதுரையையே பாருங்கள். 2007இல் தினகரன் நாளிதழ் அலுவலகத்தைத் தாக்கியதில் மூன்று ஊழியர்கள் செத்தார்கள். 2009இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை. 2019இல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கொலைக்குப் பிரிவு இல்லாமலா பன்னிரண்டு வருஷம் இழுத்தது?

குடியாத்தம் நிருபர்
வக்கீல் சார், கோர்ட்டுக்குப் போன பிறகு நடப்பதைச் சொல்கிறீர்கள். எங்கள் பிரச்சினை ஸ்டேஷன் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. அறைந்தால் பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 115(2) மட்டும் எழுதுவார்கள். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத பிரிவு அது. அதனால் ரசீதோடு சரி. மறுநாள் அதே லாரிக்காரர் அதே ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருப்பார், எங்களைப் பார்த்து "சமாதானமாப் போயிடுப்பா" என்பார். மகாராஷ்டிரச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது தண்டனை இல்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது பாருங்கள், அதுதான். வழக்கு உள்ளூர் கையை விட்டுப் போகும்.

ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எனக்கு உதவாது. பத்திரிகைத் தொழிலையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு, நிறுவனத்தில் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை செய்பவரைத்தான் அந்தச் சட்டம் ஊடகவியலாளர் என்கிறது. எனக்குச் சோறு போடுவது ஜெராக்ஸ் கடை. செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், சில மாசம் அதுவும் வராது. போன் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. அடிபட்டால் "அவர் எங்க ஸ்டாஃப் இல்லை" என்று ஆபீஸில் சொல்லிவிடுவார்கள். கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று எங்கே கேட்டாலும் இதே கதைதான். ஆற்றங்கரையில் நிற்பவன் நான். சட்டம் காப்பாற்றுவது சென்னையில் அங்கீகார அட்டை வைத்திருப்பவரை.

ஆம்பூர் கடைக்காரர்
எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டி வந்து, "உங்க தோல் யூனிட் கழிவுநீர் வீடியோ இருக்கு" என்று காசு கேட்பவர்களை வாணியம்பாடி, ஆம்பூரில் யாருக்குத் தெரியாது? என்னிடமும் கேட்டார்கள். வெளியே போ என்று தோளைப் பிடித்துத் தள்ளினால் நான் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டுமா?

குடியாத்தம் நிருபர்
மிரட்டிக் காசு கேட்டால் அது குற்றம், புகார் கொடுங்கள், சாட்சிக்கு நானே வருகிறேன். அவர்களால் எங்களுக்குத்தான் முதல் கெட்ட பெயர். ஆனால் அண்ணா, தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது ஊருக்குத் தெரிந்து, வழக்காகி, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை தீர்ப்பு வந்தது. அந்தத் தண்ணீரைப் படம் எடுக்க ஒருவன் பயமில்லாமல் போக வேண்டும் இல்லையா? அட்டையைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள் என்கிறேன். செய்தி சேகரிக்கும்போது, அந்தக் காரணத்துக்காக அடித்தால் குற்றம் என்று எழுதட்டும். மகாராஷ்டிரத்தில் பொய்ப் புகாருக்கும் தண்டனை உண்டு. அதையும் சேர்க்கட்டும், நான் தடுக்கவில்லை.

ஆம்பூர் கடைக்காரர்
பொய் என்று நிரூபிப்பதற்குள் என் ஆர்டர் போய்விடும். எனக்கு ஒப்புதல் இல்லை.

சத்துவாச்சாரி வக்கீல்
போன் வைத்திருக்கும் எல்லோரும் செய்தி சேகரிப்பவர் ஆகிவிடுவார்கள், எந்த நீதிபதியும் இந்த வரையறையை முதல் விசாரணையிலேயே கிழித்துவிடுவார். டி.எஸ்.பி. விசாரணைதான் வேண்டும் என்றால் டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

காட்பாடிக்காரன்
கைதுக்குரிய குற்றம், அதாவது மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமலே போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே லலிதா குமாரி வழக்கில் சொன்னது. அதற்கே ரசீதுதான் வருகிறது. 2024 ஜனவரியில் பல்லடத்தில் ஒரு டி.வி. நிருபர், ஆட்கள் நோட்டம் பார்க்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டும் வெட்டுப்பட்டார். சுற்றறிக்கையை மீறினால் யாருக்கு என்ன ஆகும்?

சத்துவாச்சாரி வக்கீல்
அந்தக் கோபம் நியாயம். சட்டத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் பாலாற்றில் அடிபட்ட அந்தப் பையனுக்கு இன்றைக்கே வழி இருக்கிறது. மடக்கி நிறுத்தியது பி.என்.எஸ். 126(2), அது கைதுக்குரிய குற்றம். அப்படி ஒரு பிரிவு சேர்ந்தால் மொத்த வழக்கையும் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமலே விசாரிக்கலாம் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 174 சொல்கிறது. சி.எஸ்.ஆர். நகலோடு வரச் சொல்லுங்கள், எஸ்.பி.க்கு மனு நான் எழுதித் தருகிறேன். பீஸ் வேண்டாம்.

குடியாத்தம் நிருபர்
கூட்டி வருகிறேன் சார். உடைந்த போனையும் எடுத்து வருகிறோம்.