பரண்ல கிடைச்ச பழைய குர்ஆன், சிலுவை... எங்க குடுக்கறதுங்க?

கோவை_குடித்தனம்:
வணக்கம்ங்க. நாங்க கோயமுத்தூர், ஏரியா பேர் வேண்டாம். ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு இப்பதான் வாடகைக்கு வந்திருக்கறோம், முன்னாடி யார் யாரோ குடியிருந்த வீடு, பரண் சுத்தம் பண்றப்ப ஒரு ரெக்ஸின் பை கிடைச்சுதுங்க. உள்ள ஒரு பழைய குர்ஆன், பைண்டிங் விட்டுப்போயி தாளெல்லாம் தனித்தனியா கிடக்குது, ஓரத்துல கரையான் தின்னிருக்குது. அதோட சின்னச் சின்ன அரபி புஸ்தகம் நாலஞ்சு, அரபி எழுத்து போட்ட ஃப்ரேம் ஒண்ணு கண்ணாடி ஒடஞ்சு. இன்னொரு மூலைல மரச் சிலுவை, அதுக்குப் பின்னாடி காஞ்ச ஓலை சொருகி வெச்சிருக்குது, அது எதுக்குன்னே தெரியல.

ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டா "குப்பைல போடுங்க, இல்லீன்னா மொட்ட மாடில வெச்சுக் கொளுத்திடுங்க"ன்னுட்டாரு. எடைக்கடைக்காரர் பையத் தொறந்து பாத்ததும் "இது நமக்கு வேண்டாம்ங்க தம்பி"ன்னு நவுந்துட்டாரு. எங்க மாமியார் அடுத்தவங்க சாமி, தொடாதீங்க மாப்ளேங்கறாங்க.

நானே பள்ளிவாசல்ல கொண்டுபோய் குடுத்துடலாம்னுதான் இருந்தேன், ஆனா இப்ப எங்க பக்கம் ஊர்வலம் போற ரூட் விஷயமா ரெண்டு தரப்புக்கும் வாய்த்தகராறு ஆகி தெருமுனைல போலீஸ் வண்டி நிக்குது, இந்த நேரத்துல நெத்தில திருநீறோட ஒருத்தன் கிழிஞ்ச குர்ஆன் தாள கையில வெச்சுட்டு ரோட்ல நடந்தா எவனாவது செல்போன்ல எடுத்து "பாருங்க கிழிச்சுட்டான்"னு வாட்ஸப்ல போட்டா அப்புறம் நான் யாருக்குன்னு விளக்கம் சொல்றது. வீட்லயே வெச்சுக்கவும் மனசு வரல, கரையான் இன்னும் தின்னுட்டே இருக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலப்பாளையம்_காரன்:
அண்ணே மொதல்ல, கொளுத்திராதிய. ஓனர் சொன்னாருன்னு மொட்ட மாடிக்கு ஏறிராதிய.

எங்கள்லயே பழசாகிப்போன முஸ்ஹஃப (குர்ஆன் பிரதிய) எரிக்கறது கூடும், தப்பில்லன்னு சொல்ற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்காங்க, உஸ்மான் கலீஃபா காலத்துல குர்ஆன ஒரே படியா தொகுத்தப்ப மத்த ஏடுகள எரிச்சதா ஹதீஸ்லயே வருது. ஆனா நம்ம ஊர்ப்பக்கம் வழக்கம் என்னன்னா சுத்தமான வெள்ளைத் துணில சுத்தி, யாரும் கால் வைக்காத இடத்துல, பெரும்பாலும் பள்ளிவாசல் மையவாடில (அடக்கஸ்தலத்துல) ஒரு ஓரமா குழி தோண்டி அடக்கிருவோம். சில பேர் கல்லக் கட்டி ஆழமான ஆத்துல விடுவாங்க. பாகிஸ்தான்ல குவெட்டா பக்கம் ஒரு மலையில சுரங்கம் தோண்டி பழைய குர்ஆனெல்லாம் மூட்டை மூட்டையா அதுக்குள்ள சேத்து வெச்சிருக்காங்க, அதுவே ஒரு பெரிய இடம்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். 2012 பிப்ரவரில ஆப்கானிஸ்தான்ல பக்ராம் அமெரிக்க ராணுவ தளத்துல கைதிகளோட லைப்ரரில இருந்த குர்ஆனெல்லாம் குப்பையோட சேத்து எரிக்கற குழில போட்டாங்க, அங்க வேல பாத்த ஆப்கன்காரங்களே பாத்துட்டு வெளிய சொல்லி, நாடு பூரா கலவரமாகி நெறைய பேர் மவுத்தாயிட்டாங்க, ஒபாமாவே மன்னிப்பு கேட்டு லெட்டர் எழுதுனாரு. எரிச்சதுங்கறது மட்டும் பிரச்சன இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு ஆலிம் துஆ ஓதி மரியாதையா எரிச்சா அது அடக்கம் பண்ற மாதிரி, வேறொருத்தர் குப்பையோட எரிச்சா அவமானம், தீ என்னமோ ஒண்ணுதான். அதனால என்ன செய்யணும்ங்கற முடிவ நீங்க எடுக்காதிய, எங்காளுங்க கையில குடுத்துருங்க, அவங்க பாத்துக்கிடுவாங்க.

கையில தொடலாமான்னா, நாங்க ஒளு (தொழுகைக்கு முன்ன கை, முகம், கால் கழுவுறது) இல்லாம தொட மாட்டோம். நீங்க கை கழுவிட்டு புது துண்டு ஒண்ணு வெச்சு எடுத்து மொத்தத்தயும் அதுலயே பொதிஞ்சுருங்க, போதும். தரையில வைக்காதிய, மேல வேற சாமான் ஏத்தாதிய. ரோட்ல தூக்கிட்டும் போக வேண்டாம், உங்க தெருப் பள்ளிவாசல் ஜமாஅத் (நிர்வாகம்) ஆபீஸ்க்கு போன் போட்டு "வீட்ல இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க"ன்னு சொன்னா அவங்களே வருவாங்க.

நேர்பட_பேசு:
காகிதமும் மையும். அச்சடிச்ச எல்லாத்துக்கும் இப்படி பயந்தா நாடு உருப்படாது. கரையானே பயப்படல, நீங்க ஏன் சார் பயப்படறீங்க? மறுசுழற்சிக்கு போட்டுட்டு வேலையப் பாருங்க. இந்த பயந்தான் மதவாதிகளுக்கு சோறு போடுது.

கோர்ட்டு_வராண்டா:
நேர்பட, உங்களுக்கு அது காகிதம், அப்படி நினைக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா இங்க அவர் கேக்கறது இன்னொருத்தரோட பொருளப் பத்தி, அதையும் சட்டத்தையும் குழப்பிக்காதீங்க.

இது சம்பந்தமா நம்ம ஊர் கேஸ் ஒண்ணு இருக்கு. 1953 மே 27 திருச்சி டவுன்ஹால் மைதானத்துல பெரியார் பிள்ளையார் மண் பொம்மைய உடைச்சார். வீரபத்ரன் செட்டியார்னு ஒருத்தர் ஐபிசி 295ல, அதாவது புனிதப் பொருள அவமதிக்கறது பத்தின பிரிவுல, கம்ப்ளெயின்ட் குடுத்தார். மாஜிஸ்திரேட், செஷன்ஸ், மெட்ராஸ் ஹைகோர்ட் எல்லாமே, பொம்மைய பிள்ளையார் மாதிரி செஞ்சதுனாலயே அது புனிதப் பொருள் ஆயிடாது, கோயில்ல பூஜைல இருந்த சிலை இல்லையேன்னு தள்ளிட்டாங்க. 1958ல சுப்ரீம் கோர்ட் அந்த வியாக்கியானம் தப்புன்னுச்சு. பொருள் எவ்வளவு அற்பமா இருந்தாலும், காசுக்குப் பெறாததா இருந்தாலும், ஒரு பிரிவு மக்கள் அதப் புனிதமா மதிச்சா அந்த செக்‌ஷன் பொருந்தும், பூஜைல இருக்கணும்னு அவசியமில்ல, பைபிள் குர்ஆன் கிரந்த் சாஹிப் எல்லாம் இதுல வரும், நீதிபதிக்கு அந்த நம்பிக்கை இருக்கோ இல்லையோ அதுக்கு உரிய மதிப்பு குடுத்துத்தான் பாக்கணும்னு எழுதினாங்க. ஆனா சம்பவம் நடந்து வருஷக்கணக்காச்சு, இனிமே விசாரணை நடத்தி பிரயோஜனமில்லன்னு அப்பீல தள்ளுபடியும் பண்ணிட்டாங்க, பெரியாருக்கு தண்டனை ஒண்ணும் இல்ல. அவர் செஞ்சது சரியா தப்பான்னு இங்க ஆரம்பிச்சுடாதீங்க, அதுக்கு தனி திரி போட்டு நூறு பக்கம் ஓட்டிக்கலாம்.

2024 ஜூலை 1லேருந்து அந்த 295 தான், ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்துல 298. அதுல அவமதிக்கற நோக்கம் இருக்கணும், இல்லேன்னா "இப்படி செஞ்சா அவங்க இத அவமானமா எடுத்துப்பாங்க"ன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கணும். கோவைக்காரர் தெரிஞ்சுதான் இங்க கேள்வியே கேட்டிருக்கார், அதுக்கப்புறம் போய் மாடில கொளுத்தினா "தெரியாது"ன்னு சொல்ல வாயில்ல. துணில சுத்தி ஜமாஅத்துல ஒப்படைச்சா எந்த செக்‌ஷனும் கிட்ட வராது, தைரியமா இருங்க. குடுக்கறப்ப பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது கூட வெச்சுக்கோங்க. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம், நல்ல எண்ணத்துல போட்டாலும் வேண்டாம், அதுல பாதிய வெட்டி சுத்த விடறதுக்குன்னே ஆள் இருக்கு.

குமரி_அலை:
அந்த காஞ்ச ஓலை என்னன்னு யாருமே சொல்லல்லியே. அது குருத்தோலை. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறுன்னு சொல்லுவோம், அன்னிக்கு கோவில்ல (சர்ச்ல) சாமியார் தென்னங்குருத்த மந்திரிச்சு தருவாரு, நாங்க அத சிலுவையா முடைஞ்சு வீட்டுல சிலுவைக்கோ சுரூபத்துக்கோ (சிலைக்கோ) பின்னாடி சொருகி வருஷம் பூரா வெச்சிருப்போம். அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்கதுக்கு முன்னாடி கோவில்ல ஒரு பெட்டி வைப்பாங்க, எல்லாரும் பழைய ஓலைய அதுல கொண்டு போட்டிருவோம், அத எரிச்ச சாம்பலத்தான் விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தில பூசுவாங்க. ஆமா, எங்களுக்கும் விபூதி உண்டு.

ஓலை இருக்கதப் பாத்தா கத்தோலிக்க குடும்பமா இருக்கும், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்லயும் குருத்தோலை குடுப்பாங்கதான். பக்கத்து பங்குல (சர்ச்ல) சாமியார்கிட்டயோ கோயில்பிள்ளைகிட்டயோ (சர்ச் வேலைகளப் பாத்துக்கிறவர்கிட்டயோ) குடுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மந்திரிச்ச சாமான வேற காரியத்துக்கு புழங்கப்பிடாதுன்னு எங்களுக்கு திருச்சபை சட்டமே உண்டு, ஒடஞ்சு போனா எரிப்போம் இல்லன்னா மண்ணுல புதைப்போம். ஆனா நெசத்தச் சொல்லணும்னா உங்க வீட்டுல அந்த சிலுவை இன்னும் ஒரு வருஷம் கிடந்தாலும் எங்காளுங்க யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல, முதல்ல குர்ஆனப் பாருங்க, அது கரையான்ல கிடக்கு.

எடைக்கடை:
அந்த எடைக்கடைக்காரர் ஏன் வேண்டாம்னாருன்னு நான் சொல்றேன்ங்க, நாமளும் அதே தொழில்தான், அதே ஊருதான். எங்களுக்கு வர்ற பேப்பர் பூரா கூழுக்குப் போறதில்லீங்க. பாதி பொட்டலம் மடிக்கற கடைக்குப் போகும், வடை சுடற தள்ளுவண்டிக்குப் போகும். அதுல அரபி எழுத்து இருக்கற தாள் ஒண்ணு சிக்கி, பஜ்ஜி எண்ணெய பிழியறதுக்கு எவனாவது அத எடுத்துட்டான்னு வைங்க, எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிட்டு கடைக்கு வந்துருவாங்க. சாமி படத்துக்கும் இதே கததான், கல்யாண பத்திரிகைல பிள்ளையார் இல்லாம அடிக்கறதே இல்ல, தெனசரி காலண்டர் அட்டைல முருகன், மாதா, மெக்கா எல்லாம் ஒரே சிவகாசில அடிச்சு வருது, வருஷக் கடைசில அத்தனையும் எங்க தலைலதான் விழுகும்.

அதனால எங்கப்பா காலத்துல இருந்தே கடைல ஒரு சாக்கு மேல ஆணில தொங்கும்ங்க. அரபி தாள் எது வந்தாலும், அது குர்ஆனா பள்ளிக்கூட நோட்டான்னு எங்களுக்கு படிக்கத் தெரியாது, எல்லாத்தையும் அதுல போட்டுருவோம். ஒரு பாய் அப்பப்ப வந்து பாத்து வேண்டியத எடுத்துட்டு மீதிய எங்ககிட்டயே குடுத்துருவாரு. 97 நவம்பர் கலவரத்துல இருந்து 98 பிப்ரவரி குண்டுவெடிப்பு வரைக்கும், 58 பேர் செத்தாங்கல்ல அது வரைக்கும், அந்த ஆளு கடைப் பக்கமே வர முடியல, நாங்களும் அவங்க பக்கம் போக முடியல. அந்தச் சாக்க கடைல வெச்சா எவனாவது நெருப்பு வெச்சுருவான்னு எங்கப்பா வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து அரிசி மூட்ட மேல வெச்சிருந்தாரு. எங்கம்மா தெனமும் திட்டும். அப்பா பதிலே பேச மாட்டாரு.

கோவைக்காரரே, உங்க பை அந்த மாதிரி சாக்குல போட வேண்டியதுதான், ஆனா புதுசா வந்த ஆளுகிட்ட இருந்து முழு குர்ஆன வாங்க எனக்கும் யோசனையாத்தான் இருக்கும். ஜமாஅத்துக்கு போன் போடறதுதான் சரி.

மட்டு_வாவி:
நான் மட்டக்களப்பு. கதையில இன்னொரு பக்கமும் இருக்குது, அதையும் சொல்லோணும் போல கிடக்கு.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) குண்டுவெடிப்பில இங்க எங்கட ஊர் சீயோன் தேவாலயமும் போனது, அதுக்குப் பிறகு முஸ்லிம் சனம் வெளிய வரவே பயந்தது. மே மாசம் ஹசலக்கவில ஒரு முஸ்லிம் பொம்பிள போட்டிருந்த உடுப்பில கப்பல்ட சுக்கான் சில்லு, அதான் கப்பலத் திருப்புற சக்கரம், அந்தப் படம் இருந்தது. பொலிஸ் அத தர்மச்சக்கரம் எண்டு சொல்லி, புத்த சமயத்த அவமதிச்சாவாம் எண்டு பிடிச்சு ரிமாண்ட்ல போட்டது. ரெண்டு கிழமைக்கும் (வாரத்துக்கும்) மேல உள்ள இருந்தவ. வழக்குப் போட்டது சிவில் அரசியல் உரிமைகளப் பாதுகாக்க எண்டு கொண்டு வந்த ஐசிசிபிஆர் சட்டத்தில, அதுதான் பகிடி. 2023ல உச்ச நீதிமன்றம் அவட அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கு எண்டு தீர்ப்புச் சொன்னது. அதுக்கு முதல் 2014ல கையில புத்தர் பச்சை குத்தின பிரித்தானியப் பொம்பிள ஒருத்திய எயார்போட்ல வச்சுப் பிடிச்சு நாடு கடத்தினவங்க, அவ பௌத்தத்தில ஈடுபாடு உள்ளவ, 2017ல அவக்கு எட்டு லட்சம் ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லி கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

அவமதிச்சாளா இல்லையா எண்டு ஆர் தீர்மானிக்கிறது? மேலப்பாளையம் அண்ணன் சொல்ற மாதிரி அந்தச் சமயத்து ஆக்களிட்டயே விடுறது நல்லதுதான், ஆனா அது பொருளக் கையளிக்கிற விசயத்துக்கு மட்டும். ஆளப் பிடிச்சு உள்ள போடுற விசயத்திலயும் அப்பிடி விட்டா சுக்கானும் சக்கரமாகிரும். நேர்பட சொன்னதில அந்த ஒரு துளி நியாயம் எனக்கு விளங்குது. மரியாதை நான் குடுக்கிறது. என்னட்டப் பறிக்கிறது வேற.

நேர்பட_பேசு:
@மட்டு நன்றி, ஒரு ஆளாவது. எடைக்கடை அண்ணாச்சி, உங்க அப்பா செஞ்சதுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். மத்தபடி என் கருத்து மாறல.

கோவை_குடித்தனம்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஜமாஅத் நெம்பர் பக்கத்து மளிகைக்கடை பாய்கிட்டயே கிடைச்சுது, போன் போட்டேன், நாளைக்கு லுஹர் (மத்தியானத்) தொழுகை முடிஞ்சு ரெண்டு பேர் வர்றேன்னிருக்காங்க. துண்டுல சுத்தி ஸ்டூல் மேல வெச்சாச்சு, மாமியார்தான் புதுத் துண்டு எடுத்துக் குடுத்தாங்க. ஓனர்கிட்ட சொன்னா "ஏங்க இத்தன பேரக் கூட்டறீங்க"ங்கறாரு, அவரக் கண்டுக்கல. சிலுவைய ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கொண்டு போறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த ரெக்ஸின் பையும் ஒடஞ்ச கண்ணாடியும் என்ன பண்றது? அதையும் குடுக்கணுமா?

மேலப்பாளையம்_காரன்:
பைய ஒதறிப் பாருங்க, தாள் துண்டு எதுவும் ஒட்டலன்னா தாராளமா குப்பைல போடலாம், அது வெறும் பை. ஃப்ரேம்ல எழுத்து இருக்கற தாள் மட்டும் அவங்ககிட்ட குடுங்க, கண்ணாடிய பேப்பர்ல பொதிஞ்சு தனியா போடுங்க, தூய்மைப் பணியாளர் கை கிழிச்சுறப் போவுது. வர்றவங்களுக்கு டீ போட்டு வைங்கண்ணே, லுஹருக்கு அப்புறம்னா வெயில்ல வருவாங்க.