சங்கரதாஸ் சுவாமிகள்: நாடகத்தை வளர்த்தாரா, பாட்டுக்குள் பூட்டினாரா?

உரைநடைப்பிரியன்:
பல நாளாகக் கேட்க நினைத்தது இது. சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) 'நாடகத் தமிழ்த் தலைமையாசிரியர்' என்று மேடைக்கு மேடை புகழ்கிறோம். பெரிய புலவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாடகமாகப் பார்த்தால்? வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, எதை எடுத்தாலும் பாட்டுதான். ராஜா வந்தால் பாட்டு, கோபம் வந்தால் பாட்டு, செத்தால் ஒப்பாரி. அதே காலத்தில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பேச்சை நம்பி நாடகம் எழுதினார். தமிழ் நாடகம் அந்த வழியில் போயிருக்க வேண்டும். சுவாமிகளின் செல்வாக்கு அதைத் தடுத்துவிட்டது என்பது என் கருத்து.

ஆர்மோனிய வீட்டுப்பிள்ளை:
ஐயா, 'தடுத்தார்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர், 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், ராவணன், எமன், சனீசுவரன் என்று வேடம் கட்டி ஆடியவர். மைக் இல்லாத காலம் அது. திறந்தவெளியில், விடிய விடிய, கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதுக்கு எது போய்ச் சேரும்? பேச்சு பாதியில் கரைந்துவிடும், எட்டுக்கட்டையில் எடுத்த பாட்டு போகும். மேடையில் நின்று தொண்டை வலித்தவருக்கு இது தெரியும். சம்பந்த முதலியார் எழுதியது படித்த நகரத்துச் சபையோருக்கு, கொட்டகைக்குள் நடிக்க. இரண்டு பேருடைய தேவையும் வேறு.

உரைநடைப்பிரியன்:
மைக் விஷயம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணியே பொழுது விடிகிறது. கதை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் கவலையில்லை. ராஜபார்ட்டின், அதாவது கதாநாயக வேடக்காரரின், குரலைக் கேட்க வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஆர்மோனிய வீட்டுப்பிள்ளை:
அந்தத் தர்க்கத்துக்கு அவரைக் குற்றம் சொல்வது சரியில்லை. அவர் வருவதற்கு முன்னால் நடிகர்கள் மேடையிலேயே வாய்க்கு வந்த வசனத்தைக் கட்டிப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதே ஆட்டமாக இருந்தது. அதற்கு அணை கட்டத்தான் வசனமும் பாட்டுமாக முழுப் பிரதி எழுதிக் கொடுத்தார். பெரிய நடிகர்கள் கட்டுப்படவில்லை என்பதால்தான் சிறுவர்களைச் சேர்த்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலும் கதாநாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலும் பேசி முடிப்பார்கள். கோமாளி வேடம் கட்டும் பபூனும் மிருதங்கமும் இன்னொரு பக்கத்திலிருந்து வரும். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் சில பேர் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்கு நாடகம் தொடங்கும், விடியும்வரை ஓர் இடத்திலும் தட்டாது. எப்படி? எல்லாருக்கும் மனப்பாடமான ஒரே பாடம், சுவாமிகள் பாடம். எந்த அடி முடிந்தால் யார் எடுக்க வேண்டும் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எதிர்ப்பாட்டுக்காரன் எந்தச் சுருதியில் நிற்பான் என்று தெரிந்து எழுதியவரால்தான் முடியும்.

வெளிச்சம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'சிறுவர்களைச் சேர்த்து' என்று இவ்வளவு எளிதாகச் சொல்கிறீர்களே அண்ணா? பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அந்தச் சபையில் சேரும்போது வயது ஆறு. ஆறு வயதுப் பிள்ளையை இரவு முழுக்க விழித்திருக்க வைத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போவதைக் கலைச்சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவர்களையே வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனி என்ற ஏற்பாடு பெருகியதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆர்மோனிய வீட்டுப்பிள்ளை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவும் பத்து வயதில் வீட்டைவிட்டு வந்தவர். அவர் அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பண்ணிசை:
வெளிச்சம் சொன்னது உண்மைதான், அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தமிழையும் பார்க்க வேண்டும். சுவாமிகள் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டவர். சந்தமும் வண்ணமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லயத்தில், அதாவது தாளத்தில், கஞ்சிரா வித்துவான் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் நெருங்கிப் பழகியவர். குறளையும் திருப்புகழையும் நாடகத்துக்குள் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் பார்க்காதவன் வாயிலும் குறள் வந்தது. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார்.

உரைநடைப்பிரியன்:
ஒரே இரவில் எழுதியது அவருடைய ஆற்றலுக்குச் சாட்சி. நாடகத்தின் தரத்துக்கு அது சாட்சியாகுமா? மெட்டும் யாப்பும் கைவசம் இருந்தால் பாட்டு பாய்ந்துவிடும். பாத்திரத்தின் மனசை எழுத நாள் பிடிக்கும்.

பண்ணிசை:
மனசு தெரியாதவர் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் வேடத்தோடு விடியற்காலை போனபோது ஒரு கர்ப்பிணி பார்த்து அஞ்சி, அதனால் விபரீதம் நேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. சனீசுவர வேடம் என்பார்கள் சிலர், எமன் என்பார்கள் சிலர். அந்த வருத்தத்தில்தான் நடிப்பை விட்டாராம். எந்த வேடமாக இருந்தாலும், நடிப்பை விட்டு ஆசிரியராக நின்றது உண்மை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் வாதம் வந்து பேச்சு போன பிறகும் கம்பெனியை விட்டுப் போகவில்லை. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் இறந்தார், கருவடிக்குப்பத்தில் அடக்கம்.

உரைநடைப்பிரியன்:
அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை, கேட்கும்போதே மனசு கனக்கிறது. பாட்டு மிகுந்துவிட்டது என்ற கருத்தை மட்டும் விடவில்லை. பேசும் படம் வந்ததும் வள்ளி திருமணம் 1933இல், பவளக்கொடி 1934இல் என்று அதே கதைகளைப் பாட்டும் கூத்துமாகப் படமாக்கினார்கள். அந்தப் பழக்கம் சினிமாவைப் பல வருடம் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் வசனத்தை ஒழுங்காகப் படிக்காமல்தான் இவ்வளவும் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. அபிமன்யு சுந்தரி அச்சுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

ஆர்மோனிய வீட்டுப்பிள்ளை:
அப்பாவின் பெட்டியில் ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்தது, ஓரத்தில் அவர் பென்சிலால் சுருதி குறித்து வைத்திருக்கிறார். நகல் எடுத்து அனுப்புகிறேன். வசனத்தை முதலில் படியுங்கள், அப்புறம் பேசுவோம்.