பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது? சிரிக்க வைக்கலாமா?

கேள்வி: கிழக்கெல்லை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில், தமிழ்ப் புத்தகங்களும் மலையாளப் புத்தகங்களும் ஒரே அலமாரியில் நெருக்கியடித்து நிற்கும் சிறிய வாசகசாலை ஒன்றுக்கு நான் செயலர். இந்த ஆண்டு விழாவில் பருவநிலை மாற்றத்துக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்று எங்கள் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

சென்ற ஆண்டும் ஒதுக்கினோம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் உருகும் பனிப்பாறை மேல் நிற்கும் கரடியில் தொடங்கி, கடலில் மூழ்கும் தீவுகள் வழியாக, 2100ஆம் ஆண்டு வரை எங்களை அழைத்துச் சென்றார். அவர் 2050ஐத் தாண்டுவதற்குள் பின்வரிசை நாற்காலிகள் காலியாகிவிட்டன. கேள்வி நேரத்தில் எழுந்தது ஒரே கேள்விதான்: "சார், டீ எப்போது வரும்?"

ஆனால் எழுந்து போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டு, அந்த ஏப்ரலில் தார்ச்சாலையைக் கடக்க மறுத்து நின்ற ஆட்டுக்குட்டியைப் பற்றியும், இரவு இரண்டு மணிக்கும் சுடுதண்ணீராகவே வந்த குழாயைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயமுறுத்துவதைக் குறைத்து, நகைச்சுவை, நம்பிக்கை, சொந்த அனுபவம் ஆகியவற்றின் வழியாக இதைப் பேச வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை பேர் உயிரை வாங்கும் விஷயத்தில் சிரிப்பு மூட்டுவது முறையா, எதிலிருந்து தொடங்குவது என்பதில் எனக்குத் தெளிவில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1: தோப்புக்காரன்

செயலர் அவர்களுக்கு, நான் கோபாலபுரம் பக்கத்தில் தென்னை வைத்திருக்கிறேன். எங்கள் விவசாயிகள் கூட்டத்தில் திட்டமிடாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் அப்பா ஒவ்வொரு ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்திலும் தச்சர் பென்சிலால் மழையைக் குறித்து வைப்பார். அவருடைய கணக்கில் மூன்றே தரம்: தூறல், உழவு மழை, இட்டேரி மழை. இட்டேரி மழை என்றால் வேலிக்கு நடுவிலுள்ள தடத்தில் தண்ணீர் ஓடி, மாடு ஓட்டிப் போக முடியாத மழை. அவர் இறந்த பிறகு பரணிலிருந்து 30க்கு மேற்பட்ட பஞ்சாங்கங்கள் கிடைத்தன. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தாலும் பென்சில் எழுத்து அழியவில்லை. அவற்றில் நான்கைந்தை ஒரு நாள் சும்மா கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அவ்வளவுதான். "அந்த வருஷம் ஐப்பசியில் இட்டேரி மழையா? இருக்கவே இருக்காது, என் தங்கை கல்யாணம் அந்த மாதம்தான், பந்தல் நனையவே இல்லை" என்று ஒருவர் எழுந்தார். "பந்தல் நனையவில்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் நனைந்து வந்தார்கள், அதனால்தான் சீர் குறைந்தது என்று சண்டை போட்டார்கள்" என்றார் அவருடைய பங்காளி. கூட்டமே சிரித்தது. பிறகு ஒவ்வொருவரும் தம் தம் கல்யாணம், காதுகுத்து, இழவு எல்லாவற்றையும் மழையோடு சேர்த்து நினைவுபடுத்தத் தொடங்க, இரண்டு மணி நேரம் ஒருவரும் எழவில்லை. "முன்பெல்லாம் பரவலாகப் பத்து நாள் பெய்யும், இப்போது ஒரே நாளில் அடித்துவிட்டுப் போகிறது" என்று நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள்.

எங்கள் கிணற்றுக்கு 22 படிகள். நான் சிறுவனாக இருந்தபோது கோடையிலும் பதினைந்தாம் படியில் தண்ணீர் நிற்கும். இன்று மாசி மாதமே அடிப்பாறை தெரிகிறது. இதையும் அன்று சொன்னேன். ஊரில் இப்படிப் படி எண்ணத் தெரிந்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களை மேடையில் உட்கார வையுங்கள், பேச்சாளரைப் பாயில் உட்கார வையுங்கள்.

பதில் 2: பொறாட்டுப் பித்தன்

கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள், ஐயா. நம் பாலக்காட்டு வயல்களிலேயே விளைந்த பொறாட்டு நாடகம் இருக்கும்போது நகைச்சுவைக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. பாணர் சமூகத்தார் காத்து வந்த இந்தக் கூத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். நம் எல்லை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி கிடையாது. வேடம் கட்டி வருகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் கேள்விக்காரன் மடக்கி மடக்கிக் கேட்பான். அவன் கேட்பதெல்லாம் நாம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் இளைஞர்கள் இந்தப் பாணியில் எழுதிய ஒரு சிறு காட்சியில், வேடம் கட்டி வந்தது இடவப்பாதி, அதாவது இடவ மாதப் பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை.

"யாரது?"

"நான்தான் இடவப்பாதி."

"இடவம் போய் மிதுனமும் பாதி ஆயிற்றே, பஸ் கிடைக்கவில்லையா?"

"அரபிக்கடல் சூடாக இருந்தது. ஆவி பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்."

"சரக்கு எவ்வளவு?"

"பத்து நாள் சரக்கு. ஒரே ராத்திரியில் இறக்கிவிட்டுப் போகிறேன், கையெழுத்துப் போடும்."

"இறக்குகூலி யார் தருவது?"

"அது கிடக்கட்டும். இத்தனை வருஷமாகச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றீர்களே, முதலில் உங்கள் நோக்குகூலியை வாங்கிக்கொள்ளும்."

நோக்குகூலி என்ற சொல் விழுந்ததும் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாமானைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே சுமைதூக்குவோர் கேட்டு வாங்கிய கூலி அது; கேரளத்தில் வீட்டுச் சாமான் இறக்கிய எவருக்கும் அதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

பதில் 3: லயத்து மகன்

பித்தன் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் காட்சியை ரசித்துப் படித்துக்கொண்டே வந்த நான் "ஒரே ராத்திரியில் இறக்கிவிட்டுப் போகிறேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள். கயத்தாறு பக்கத்து உறவுமுறைகள் பலர். மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்ததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. உங்கள் காட்சியில் வரும் அந்த ராத்திரி எங்களுக்கு ஒரு தேதி.

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் லயத்திலும் அட்டைக்கடியிலிருந்து கங்காணி வரை எல்லாவற்றையும் வைத்துச் சிரிப்போம். ஆனால் அடி வாங்கியவனைப் பார்த்துச் சிரிப்பதும், பார்த்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றல்ல. உங்கள் நோக்குகூலி வரி இரண்டாவது வகை, அதனால்தான் அது இனிக்கிறது. அதற்கு முந்தைய வரியை மட்டும் எங்களூர்ப் பெண்கள் யாராவது சபையில் இருக்கலாம் என்று நினைத்து மாற்றி எழுதுங்கள்.

சொந்தக் கதை பற்றியும் ஒன்று. பெட்டிமுடிக்குப் பிறகு எத்தனையோ பேர் ஒலிவாங்கியோடு வந்து "அன்று இரவு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். சொன்னவர்கள் அழுதார்கள், கேட்டவர்கள் போய்விட்டார்கள். யாரும் "இப்போது மழை வந்தால் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் அம்மா காட்டியிருப்பார். ஆனி பிறந்ததும் ரேஷன் கார்டு, ஆதார், என் சான்றிதழ்கள், ஒரு டார்ச், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். புரட்டாசி வரை அது அங்கேயே தொங்கும். பக்கத்து வீட்டு அக்கா தம் பையில் ஒரு பொட்டலம் முறுக்கும் வைத்திருந்ததைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பை நீங்கள் மேடையேற்றினால் எங்களுக்கு வருத்தமில்லை.

பதில் 4: அயல்கூட்டத்து அக்கா

செயலர் தம்பி, மாலை ஆறு மணிக்கு வாசகசாலையில் வைத்தால் ஆண்கள்தான் வருவார்கள், அவர்களும் டீக்குத்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்கு, வாருங்கள். கோடையில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது; அந்த மூன்று மணி நேரம் வீட்டு அடுப்படியில் நிற்பவளுக்கு எந்த உத்தரவும் இல்லை என்று நாங்கள் பேசிச் சிரிப்பதை நீங்கள் கேட்டதே இல்லை.

பதில் 5: பொள்ளாச்சி வாத்தியார்

இயற்பியல் ஆசிரியன் என்பதால் கொஞ்சம் கசப்பும் கலக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

தோப்புக்காரர் ஐயாவின் பஞ்சாங்கங்கள் பொக்கிஷம். வானிலைத் துறையினரும் 30 ஆண்டுச் சராசரியைத்தான் ஓர் இடத்தின் பருவநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது 1991 முதல் 2020 வரையுள்ள கணக்கு. ஆகவே நான்கைந்து போதாது, மொத்தத்தையும் கொண்டு வாருங்கள். ஆனால் அந்தக் கிணற்றுப் படிகளைப் பருவநிலை மாற்றத்தின் சாட்சியாக நிறுத்தாதீர்கள். சித்தூர் கிழக்குப் பகுதி முன்பிருந்தே மழை மறைவுப் பகுதி. சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் போட்டோம் என்பதும், தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூருக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் காலத்துக்கு வந்ததா என்பதும் அந்தப் படிகளில் அடங்கியிருக்கின்றன. கூட்டத்தில் ஒருவர் எழுந்து "கிணறு வற்றியது உன் போர்வெல்லால்" என்று சொல்லிவிட்டால், அன்று நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்தே வற்றிவிடும்.

பித்தன் அவர்களின் இடவப்பாதி ஒவ்வோர் ஆண்டும் தாமதமாக வருவதாகவும் காட்ட வேண்டாம். கேரளத்தில் பருவமழை தொடங்கும் நாள் வழக்கமாக ஜூன் 1. 2023இல் ஜூன் 8 ஆயிற்று, 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. முன்பின் ஆவது அதன் பிறவிக் குணம். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு, மனிதர்களால் ஏற்பட்ட வெப்பமாதல் அன்றைய மழையைச் சுமார் 10 சதவீதம் கனமாக்கியது என்று கணக்கிட்டது. பத்தே சதவீதம்தானா என்று கேட்பார்கள். நிரம்பிய குடத்தில் ஊற்றும் கடைசிச் செம்புதான் வழிகிறது என்று சொல்லுங்கள்.

பயமுறுத்தலைப் பொறுத்தவரை, சாஃப்ரன் ஓநீல், சோஃபி நிக்கல்சன்-கோல் ஆகிய இருவர் பிரிட்டனில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கரடி அனுபவத்தையே சொல்கிறது: அச்சமூட்டும் படங்கள் கண்ணை இழுக்கும், ஆனால் "இதில் நான் செய்ய என்ன இருக்கிறது" என்று மனத்தை விலக்கிவிடும். டெக்சாஸில் பணியாற்றும் பருவநிலை அறிவியலாளர் கேத்தரின் ஹேஹோ, கேட்பவர் ஏற்கெனவே நேசிக்கும் ஒன்றிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள் என்கிறார். எங்கள் பக்கத்தில் அது தென்னையும் ஆடும்.

நம்பிக்கை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்பதை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே கணவாய்க் காற்றைப் பிடிக்க மின்வாரியம் 1995இல் கஞ்சிக்கோட்டில் ஒன்பது காற்றாலைகளை நிறுத்தியது. மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் 2014 முதல் ஓடுகிறது. அதைக் கட்டியது பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்து. நாம் ஓட்டுப் போட்ட பஞ்சாயத்து மின்சாரம் தயாரித்து விற்கிறது என்பதைச் சித்தூரில் எத்தனை பேர் அறிவார்கள்? மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைக்க மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய். யாராவது ஒருவர் தம் பழைய மின்கட்டண ரசீதையும் புதிய ரசீதையும் கையில் பிடித்துக்கொண்டு மேடையேறட்டும். பேசக்கூட வேண்டாம்.

பதில் 6: பொறாட்டுப் பித்தன்

லயத்து மகன் தம்பிக்கு: கோபமில்லை, வெட்கம்தான். எழுதும்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டோம். இப்போது இடவப்பாதி சரக்கோடு வரவில்லை, ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வருகிறாள். "பையில் என்ன?" என்று கேள்விக்காரன் கேட்கிறான். "உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா, சொல்கிறேன்." முறுக்கையும் சேர்த்துக்கொள்ள உங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுமதி வாங்கித் தாருங்கள்.

வாத்தியார் ஐயாவுக்கு: பஸ் வரியும் போயிற்று. இரண்டு நல்ல சிரிப்பை ஒரே நாளில் இழந்தேன்.

கேள்வி கேட்டவர்: கிழக்கெல்லை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. செயற்குழுவில் பேசிவிட்டேன். பேச்சாளர் கிடையாது. ஞாயிறு பிற்பகல் அயல்கூட்டம் கூடும் திண்ணையிலேயே நடத்துகிறோம்; முதலில் பஞ்சாங்கங்கள், பிறகு பொறாட்டு, அதன் பின் மின்கட்டண ரசீது. ரசீது காட்ட எங்கள் ரேஷன் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் பழைய ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிணற்றைப் பற்றித் தனியாக ஒரு நாள் சண்டை போட்டுக்கொள்வதாக முடிவு.

தோப்புக்காரர் ஐயா, கரையான் அரித்த பஞ்சாங்கங்களையும் சேர்த்தே கொண்டு வாருங்கள், நான் பைக்கில் வந்து எடுத்துக்கொள்கிறேன். டீ இந்த முறை தொடக்கத்திலேயே.