ராத்திரி ரேடியோ, கிடார் குழுக்கள், கேம்டன்: உங்கள் கதை என்ன?

டூட்டிங் பெடியன்:
நானே தொடங்குகிறேன். 1998, எனக்கு 19 வயது. பகலில் படிப்பு, வாரத்தில் மூன்று இரவு பெற்றோல் ஷெட்டில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ரேடியோ கசெட். இரவில் பிபிசி ரேடியோ 1இல் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர் வருவார். சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்து கதைக்கிற பெரியப்பா மாதிரி ஒரு குரல். சில நேரம் இசைத்தட்டைப் பிழையான வேகத்தில் போட்டுவிடுவார், பிறகு அதற்கும் ஒரு கதை சொல்லுவார். எங்கேயோ நாலு பெடியள் கராஜில் பதிந்து தபாலில் அனுப்பிய பாட்டு ஒன்று, அடுத்தது ஆப்பிரிக்கக் கிற்றார். பதிவு பண்ண பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் கண்ணாடியைத் தட்டி சிகரெட் கேட்பார். என் கசெட்டுகளில் பாதிப் பாட்டுக்குத் தொடக்கமே இல்லை.

கச்சேரி என்றால் லண்டன் நிலக்கீழ் ரயிலின் நோர்தேர்ன் லைன்தான். டூட்டிங் புரோட்வேயில் ஏறினால் நேரே கேம்டன் டவுன். முதல்தரம் டப்ளின் காசில் பப்புக்குப் போனபோது வீட்டில் கோயில் கூட்டம் என்று பொய் சொன்னேன். அம்மா சந்தோஷத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பிவிட்டார். பப்பின் பின்னறை சின்னது, மூச்சு முட்டும். பியர் சிந்திய தரையில் சப்பாத்து ஒட்டுகிறது, பேஸ் கிற்றார் நெஞ்சுக்குள் இடிக்கிறது. பாடிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். தடவிப் பார்த்தால், வியர்வையில் கரைந்த திருநீறு மூக்குவரை வந்திருக்கிறது!

திருச்சி சிற்றலை:
நீங்களாவது லண்டனில் கேட்டீர்கள். நான் ஜான் பீலைக் கேட்டது திருச்சியில், எண்பதுகளின் கடைசியில், மொட்டை மாடியில். பிபிசி உலக சேவையிலும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. சிற்றலை பேருக்கேற்ற மாதிரி வரும், போகும். கிடார் உச்சத்துக்கு ஏறும்போது குறுக்கே ஏதோ ஒரு நாட்டுச் செய்தி நுழையும். எது அவர்கள் வேண்டுமென்றே போட்ட இரைச்சல், எது வானத்தின் இரைச்சல் என்று தெரியாமலே ரசிகன் ஆனேன். பின்னாளில் அதே பாட்டை சிடியில் கேட்டபோது, உப்பில்லாத சாம்பார் மாதிரி இருந்தது.

ஹாரோ அக்கா:
எலாஸ்டிகா என்ற லண்டன் கிடார் குழுவைக் கேட்டவர்கள் யாரும் இல்லையா? 2000இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தது மாயா அருள்பிரகாசம். ஆமாம், பின்னாளில் பாடகியான நம்ம தமிழ்ப் பிள்ளை எம்.ஐ.ஏ.தான்! அவருடைய முதல் ஆல்பம் வந்தது 2005இல். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஓடிப்போய் சிடியைத் தேடி எடுத்தேன். நம்ம பிள்ளை செய்த வேலை அத்தனை வருஷம் என் மேசையில் கிடந்திருக்கிறது, மேலே அப்பா டீ கப் வைத்த வட்டத்தோடு.

அப்பாவைக் குறை சொல்லக் கூடாது. 1998இல் கார்னர்ஷாப் குழுவின் பாட்டு ரீமிக்ஸாகி முதலிடத்துக்கு வந்ததே, ஆஷா போஸ்லேயைப் பற்றியது, அது ஒன்றுக்குத்தான் அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஆஷாவா?” என்றார். “ஆஷாதான்” என்றேன். சரி என்று வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

டூட்டிங் பெடியன்:
அக்கா, அந்த சிடியைத் துடைத்துவிடாதீர்கள்.

நான் நின்று கால் கடுத்த அஸ்டோரியா கச்சேரி மண்டபமும் இப்போது இல்லை. 2009இல் மூடி, கிரொஸ்ரெயில் என்ற புது ரயில் பாதைக்காக இடித்துவிட்டார்கள். ஒருகாலத்தில் அது ஊறுகாய்க் கம்பெனிக் கட்டடமாம், உள்ளே அடித்த வாடைக்கு நம்பலாம்.

பீல் பெருவில் காலமானது 2004 ஒக்டோபரில். செய்தி வந்தபோது நான் மினிகாப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின் சீற்றில் இருந்த வெள்ளைக்காரர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கிளாபம் வரும்வரை இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “நீயுமா?” என்று கேட்டார்.