ஆஸ்திரேலியாவில் வேலைக்குப் பிக்கப் வாங்குவோர் கவனத்திற்கு: எடைக் கணக்கு

கோத்தகிரி, கேத்தி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பண்ணையிலும் கட்டட வேலையிலும் சேர்ந்திருக்கும் தம்பிகள் சிலர், வேலைக்கு எந்தப் பிக்கப் வாங்கலாம் என்று கடந்த சில மாதங்களாகக் கேட்டு வருகிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதியதில் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது என்பதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஏழு ஆண்டுகள் தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலையும், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிய பின், குயின்ஸ்லாந்தில் லாக்கியர் பள்ளத்தாக்கின் காய்கறிப் பண்ணைகளில் ஒன்பது ஆண்டுகள் வண்டி ஓட்டினேன். இப்போது கோத்தகிரிக்கே திரும்பி, மறுபடியும் ஒரு பொலேரோ பிக்கப்பை வைத்துப் பிழைக்கிறேன்.

அங்கே பிக்கப்பை யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை, யூட் என்பார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் ஆகிய நான்கைத்தான் சாலையில் அதிகமாகக் காண்பீர்கள். நான்குமே தாய்லாந்தில் கட்டப்பட்டு ஆஸ்திரேலியாவுக்கு வருபவை என்பதால், ஜப்பான் வண்டி உசத்தி, அமெரிக்க வண்டி மட்டம் என்று பேசுவதில் பெரிய அர்த்தமில்லை. எஞ்சின் பலத்தைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். நம் ஊர் பொலேரோ பிக்கப் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை (டார்க்) வைத்துக்கொண்டு ஒரு மலையையே ஏறி இறங்குகிறது, டி-மேக்ஸின் 3.0 லிட்டர் எஞ்சின் 450, தானியங்கி கியர் கொண்ட ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 500 என்று இருக்கும்போது, வேலைக்கு எஞ்சின் போதாமல் போகும் நிலை அநேகமாக வராது. பலரும் எஞ்சினைப் பேசிப் பேசியே வண்டியை வாங்கிவிட்டு, பிறகு எடையில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நம் மலையில் பாரம் ஏற்றும் பழக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது முக்கால் டன் ஏற்றும் வண்டி என்றுதான் விற்றார்கள். ஆனால் மூட்டை எத்தனை நிற்கிறதோ அத்தனையும் ஏற்றி, ஸ்பிரிங் பட்டை தட்டையாகிப் பின்சக்கரம் மட்கார்டில் உரசும்போதுதான் ‘போதும்’ என்போம். அந்தக் கண்ணளவு அங்கே செல்லாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஆள், பாரம், டீசல், பொருத்திய சாமான்கள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை இவ்வளவுதான் என்று ஓர் எண் உண்டு. அதை ஜிவிஎம் என்கிறார்கள். அதைத் தாண்டி ஓட்டினால் அபராதம் மட்டுமில்லை, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய உச்சவரம்பு அங்கே 4.5 டன் ஜிவிஎம். இந்த யூட்கள் எல்லாம் அதற்குள் அடங்குபவை என்பதால் தனி லாரி உரிமம் தேவைப்படாது.

ஒரு வண்டியின் ஜிவிஎம் 3,100 கிலோ, வெறும் வண்டியின் எடை 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் ‘ஒரு டன்னுக்கு மேல் ஏற்றலாம்’ என்பார். கணக்கும் 1,050 கிலோ என்றே வரும். ஆனால் அதிலிருந்து நீங்களும் உடன் வருபவரும் சேர்ந்து 160 கிலோ, முன்னால் மாட்டும் இரும்பு புல்பார் ஏறத்தாழ 60 கிலோ, கருவிப் பெட்டியும் கருவிகளும் 150 கிலோ என்று கழித்துக்கொண்டே வந்தால் 700 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். வெறும் சேஸிஸாக, கேபின் மட்டும் வைத்து விற்கும் வண்டியாக இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் போடும் எடையில் பின்னால் வைக்கும் டிரேயின் எடை சேர்ந்திருக்காது. அலுமினிய டிரேயா இரும்பு டிரேயா என்பதைப் பொறுத்து, நூறு கிலோவிலிருந்து இருநூறு கிலோவுக்கும் மேலாக அங்கேயே போய்விடும்.

டிரெய்லர் இழுப்பது நம் ஊரில் பிக்கப் ஓட்டுநருக்குப் பழக்கமில்லாத வேலை. அங்கே அது அன்றாடம். 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் மேல் இறங்கும் என்பதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. 3,500 கிலோ டிரெய்லர் என்றால் 350 கிலோ உங்கள் வண்டியின் பாரக் கணக்கில் சேரும். அதோடு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு 6,000 கிலோ என்றால், 3,500 போக மீதி 2,500. வெறும் வண்டியே 2,050 எடுத்துக்கொண்டால், ஆளும் டீசலும் கருவியும் பாரமும் எல்லாம் 450 கிலோவுக்குள் அடங்க வேண்டும். முதல் ஆண்டில் இந்தக் கணக்குத் தெரியாமல், முதலாளி சொன்னபடி டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு பின்னால் பீட்ரூட் பெட்டிகளையும் அடுக்கிப் போனேன். வழியில் ஓர் எடை மேடையில் நானாகவே ஏற்றிப் பார்த்தபோது 280 கிலோ அதிகமாக இருந்தது. அதிகாரி யாரும் பிடிப்பதற்கு முன் தெரிந்துகொண்டது என் நல்ல காலம். பெட்டிகளைப் பாதியாகப் பிரித்து இரண்டு நடை அடித்தேன்.

அடுத்தது பின்பக்கத்தின் அளவு. நான்கு கதவு வண்டியில் பின்னால் இருக்கும் தொட்டி பார்ப்பதற்கு அழகு, குடும்பத்தோடு கடைக்குப் போகலாம், எல்லாம் சரி. ஆனால் காய்கறிப் பண்ணையில் எல்லாமே பேலட் பலகையின் மேல்தான் வரும், ஆஸ்திரேலியப் பேலட் நாற்புறமும் 1,165 மில்லிமீட்டர். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் தொட்டிகளில் இரண்டு சக்கர மேடுகளுக்கும் இடையில் அந்த அகலம் கிடையாது. 2022இல் வந்த புதிய ரேஞ்சரில் கிடைக்கும். தொட்டியே வேண்டாம், தட்டையான டிரே போதும் என்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை, மூன்று பக்கமும் கதவை இறக்கிவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏற்றலாம். தனியாள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ஒற்றைக் கேபினும் நீள டிரேயும் எடுங்கள். அதே பணத்துக்குப் பாரமும் கூடும் இடமும் கூடும். கதவு நான்கு வேண்டும் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் வேலைக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

ஆள் ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலை பறிக்கப் போகும் அக்காமாரைப் பின்னால் நிற்கவைத்துக் கொண்டுபோவது நமக்குப் பழக்கம். அங்கே திறந்த டிரேயில் ஒருவரைக்கூட ஏற்றக்கூடாது. பாரத்தைக் கட்டுவதிலும் கயிறும் தார்ப்பாயும் போதாது. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் நகராமல் அதன் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீத விசையையும் தாங்குமளவுக்குக் கட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதிமுறை. பாரத்தை இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

மலைக்காரர்கள் நமக்கு ஒரு நன்மை உண்டு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கிப் பழகியவனுக்கு, அங்குள்ள இறக்கங்கள் பெரிய பயமில்லை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் உச்சமான கொசியஸ்கோ சிகரமே 2,228 மீட்டர்தான், நம் ஊட்டி நகரத்தைவிடச் சற்றுக் குறைவு. இதைச் சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். சாலையோரம் நிற்கும் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) வாசனைகூட ஊரை நினைவூட்டும், அவர்களுடைய மரம்தான் நம்முடைய மலைக்கு வந்தது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நம் பழக்கம் ஏமாற்றிவிடும். இங்கே ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்ற பலகையைப் பார்த்துக் கை தானாகக் கியருக்குப் போகும்; அங்கே பெரும்பாலான வண்டிகளில் தானியங்கிக் கியர் என்பதால், டி-யில் விட்டுவிட்டுப் பிரேக்கையே மிதித்து இறங்குபவர்களை டூவூம்பா மலைச்சாலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாரத்தோடு அப்படி இறங்கினால் பாதியிலேயே பிரேக் சூடேறிக் கால் ஆழமாக இறங்கும். கியர் கம்பியைக் கைமுறைக்கு (மேனுவல்) மாற்றி, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டிலோ மூன்றிலோ பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது இந்தக் கைமுறைக் கியர் உங்கள் சொல் கேட்கிறதா, தானாக மேலே தாவிவிடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அந்தி வேளையில் கங்காரு குறுக்கே பாயும், நம் ஊரில் வளைவில் காட்டெருமை நிற்பதைப் போல. ஆனால் காட்டெருமை நின்று யோசிக்கும், கங்காரு யோசிக்காது. கிராமப்புறத்தில் ஓட்டுபவருக்குப் புல்பார் தேவைதான். அதன் எடையையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா என்று கூடலூர்த் தம்பி கேட்டிருந்தார். வாங்கலாம், ஆனால் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளும் மலிவாக வரும், ஏமாந்துவிடாதீர்கள். இருக்கைக்கு அடியிலும் கதவு ரப்பருக்குள்ளும் செம்மண் தூசி இருக்கிறதா என்று விரலைவிட்டுப் பாருங்கள். வண்டியின் மேல் கடன் நிற்கிறதா என்பதைப் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் சில டாலர் கட்டிப் பார்க்கலாம். பார்க்காமல் வாங்கினால் முந்தைய உரிமையாளர் கட்டாத கடனுக்கு உங்கள் வண்டி போய்விடலாம். 2015க்கு முந்தைய 3.0 லிட்டர் ஹைலக்ஸ் என்றால், 1,50,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்பதற்குச் சான்று கேளுங்கள். புதிய டீசல் வண்டி எதுவானாலும் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும்; பண்ணைக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் தேவையா என்ற கேள்விக்கு, மழையில் வயலுக்குள் இறங்குபவராக இருந்தால் தேவை, பிரிஸ்பேனில் ராக்லி சந்தைக்கும் கட்டட வேலைக்கும் தார்ச்சாலையில் போவதற்கு மட்டும் என்றால் தேவையில்லை என்பதே என் பதில். அது இல்லாத வண்டியின் எடை குறைவு, ஜிவிஎம் ஒன்றாகவே இருந்தால் அந்த மிச்சம் உங்களுக்குப் பாரமாகக் கிடைக்கும். மஹிந்திரா பிக்கப் அங்கேயும் விற்கிறார்கள், ஊர்ப் பாசத்தில் அதைக் கேட்டவர்களும் உண்டு. எந்த வண்டியானாலும் அருகில் பழுது பார்க்குமிடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாசம் கொள்ளுங்கள்.

பார்த்து வைத்திருக்கும் வண்டியின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இருக்கும் எடைத் தகட்டைப் படம் எடுத்து, என்ன ஏற்றப் போகிறீர்கள், டிரெய்லர் உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை மண்டி விடுமுறை நாட்களில் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.