காதல் இருக்கும்போது கையெழுத்து எதற்கு?

கருவேலம்:
சேர்ந்து வாழ்றவங்களைப் பார்த்து "எப்போ கல்யாணம்?" என்று கேட்பதை நிறுத்துங்க. மனசு இருந்தா தாலி வேண்டாம், மனசு போனா தாலி காப்பாத்தாது. வயசு வந்த ரெண்டு பேர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லைன்னு 2010-லயே குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மாறாக, இந்து திருமணச் சட்டத்துக்குள்ள போனா முதல் ஒரு வருஷம் விவாகரத்து மனுவே சாதாரணமா போட முடியாது. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியணும்னாலும் ஒரு வருஷம் பிரிஞ்சிருந்து, மனு போட்டபின் ஆறு மாசம் காத்திருக்கணும் (இந்த ஆறு மாசத்தைக் கோர்ட் மனசு வெச்சா தள்ளுபடி செய்யும்). செத்துப்போன காதலுக்கு இத்தனை நாள் காரியமா?

கணக்கர்:
குற்றமில்லை என்பது வேற, உரிமை உண்டு என்பது வேற. அதே 2010-ல் கோவையிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில், 'திருமணம் போன்ற உறவு' என்று ஏற்க உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் போட்டது. ஊருக்குக் கணவன் மனைவி போலத் தெரிய வாழணும். சட்டப்படியான வயசு இருக்கணும். ரெண்டு பேரும் மணம் செய்யத் தடை இல்லாதவங்களா இருக்கணும். விரும்பி, கணிசமான காலம் சேர்ந்து இருக்கணும். வார இறுதியில் வந்து போறது சேராது. 'கணிசமான காலம்' எத்தனை மாசம்னு அந்தத் தீர்ப்பில் எண் இல்லை. ஹவுஸ் ஓனரிடம் "கசின்" என்று சொல்லி வீடு எடுத்தவங்க முதல் நிபந்தனையிலேயே தங்கள் தலையில் மண்ணைப் போட்டுக்கறாங்க.

கருவேலம்:
சரி, தாலி இல்லாமலே எழுதி வெச்சுக்கலாமே. வாடகை ஒப்பந்தத்தில் ரெண்டு பேர். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்று ஒரு வரி. உயிலுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், பத்திரத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வங்கி நாமினியா யாரையும் போடலாம்.

கணக்கர்:
உயில் சரி. எழுதறவங்க எத்தனை பேர்? எழுதாமல் போய்ச் சேர்ந்தா, கூட வாழ்ந்தவருக்கு வாரிசுப் பட்டியலில் இடமே இல்லை. வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கலாம், உரிமை வாரிசுக்குத்தான். பி.எஃப். இன்னும் கறார். 1952 திட்டத்தின் 61-வது பத்திப்படி குடும்பம் இருக்கும் உறுப்பினர் குடும்பத்துக்குள்தான் நாமினி போடணும். அவரை நம்பி ஊரில் அம்மா இருந்தாலே அவருக்குக் குடும்பம் உண்டு. காதலி பேரை எழுதின படிவம் செல்லாது. அது செல்லலைன்னு தெரியவர்றது சாவு வீட்டில்தான்.

செங்காந்தள்:
ரெண்டு பேரும் சட்டத்திலேயே நிக்கறீங்க. குறுந்தொகை 25-ல் கபிலர் இதே சிக்கலைத்தான் வைக்கிறார். "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்கிறாள் தலைவி. சாட்சிக்கு யாருமில்லை, இருந்தது அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் கூடின நாளில் அங்கே இருந்தது ஒரு குருகு, தினைத்தாள் போல மெலிந்த காலோட. அதுவும் ஓடுற தண்ணியில் ஆரல் மீனைப் பார்த்துக்கிட்டு நின்னுது! இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன்மேல.

கருவேலம்:
தொல்காப்பியம் என்ன சொல்லுது? "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்" தான் கரணம், அதாவது கல்யாணச் சடங்கு, வந்தது. பொய் சொல்லாதவங்களுக்கு எதுக்குச் சடங்கு?

செங்காந்தள்:
அவள் அவனைப் பொய்யன்னு சொல்லவே இல்லையே. "தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ". பொய்த்தால் நான் என்ன செய்வேன்? காதல் அப்படியே இருக்கு. அந்த 'பொய்த்தால்'தான் தூங்க விடலை.

நடுத்தெரு:
கையெழுத்தையும் முடிவையும் குழப்பறீங்க. தம்பதி உறவுகளை ஆராயும் டென்வர் பல்கலைக்கழகத்து ஸ்காட் ஸ்டான்லி, மனசாரப் பற்றி நிற்பது ஒன்று, விலக முடியாமல் மாட்டி நிற்பது இன்னொன்று என்று பிரிக்கிறார். வாடகை மிச்சம்னு சேர்றாங்க, ஃப்ரிட்ஜ் தவணை, அப்புறம் கூட்டுக் கடன். ஒரு நாள்கூட உட்கார்ந்து முடிவெடுக்கலை, கல்யாணத்தில் வந்து நிக்கறாங்க. அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி பேசணும்: பிரிஞ்சா வீட்டை விட்டு யார் போறது, கடன் யார் பேரில்.

கருவேலம்:
நடைமுறையையும் பாருங்க. மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்ய உதவும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவங்க பேரை அலுவலகச் சுவரில் ஒட்டறாங்க. ஆள் திரட்டிக்கிட்டு வர அது போதும்.

கணக்கர்:
ரெண்டு பேரும் இந்துன்னா தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு இருக்கு, 1967 சட்டத் திருத்தம். உறவினரோ நண்பரோ முன்னால், ரெண்டு பேருக்கும் புரிந்த மொழியில் "ஏற்கிறேன்" என்று சொல்றதோ, மாலையோ மோதிரமோ தாலியோ ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம், நோட்டீஸ் இல்லை. ஊரறிய அறிவிச்சாகணும்னு கட்டாயமில்லைன்னு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு. 90 நாளுக்குள் பதிவு செய்யணும், விட்டா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள்.

கருவேலம்:
ஒருத்தர் இந்து, ஒருத்தர் கிறித்தவர்னா? யாரும் மதம் மாற விரும்பலை.

கணக்கர்:
அப்போ பெரும்பாலும் சிறப்புச் சட்டம்தான். ரெண்டு பேரில் ஒருத்தர் 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கணும், கல்யாணத்தன்னிக்கு மூணு சாட்சி வேணும். நோட்டீஸ் மூணு மாசம்தான் செல்லும், தேதி தள்ளிப்போனா முதலிலிருந்து. அந்த 30 நாள் சுவர் விஷயத்தில் உங்ககிட்ட சண்டை போட எனக்கு எதுவும் இல்லை.