நன்னீருக்கு எந்த ஃப்ளை ரீல் உங்களுக்குப் பிடிக்கும்? பழகியவர்கள் சொல்லுங்கள்

"ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கிற டப்பா, அவ்வளவுதான், காசை ராடுக்கும் (தூண்டில் கோலுக்கும்) லைனுக்கும் போடு" என்று ஃப்ளை ஃபிஷிங் (இறகு, நூலால் கட்டிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) பழகிய எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். சின்ன ஓடையில் சாண் நீள ட்ரவுட் பிடிக்கிறவருக்கு அது சரிதான், அந்த மீனை ரீலால் சுற்றி இழுப்பதே கிடையாது, ராட் பிடிக்காத கையால் லைனை இழுத்தே பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். ஏரியில் பெரிய கெண்டை மாட்டி, காலடியில் கிடந்த லைனெல்லாம் சரசரவென்று போய், ரீல் சுற்ற ஆரம்பிக்கும்போதுதான் அது டப்பாவா இல்லையா என்று தெரியும்.

எனக்குப் பிடித்தது பழைய பாணி கிளிக் ரீல். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கிற ஒரு நாக்கு, வேறு எதுவுமில்லை. ஸ்பூல், அதாவது லைன் சுற்றியிருக்கிற உருளை, தன் வேகத்தில் ஓடி லைன் சிக்காமல் இருக்க எவ்வளவு தடை வேண்டுமோ அவ்வளவுதான் அது கொடுக்கும், மீதியை ஸ்பூல் விளிம்பில் உள்ளங்கையை வைத்து நாமே கொடுக்க வேண்டும். குறை என்பார்கள், எனக்கு அதுதான் நிறை. டிப்பெட் என்பது பூச்சியைக் கட்டுகிற கடைசி மெல்லிய நரம்பு, 5எக்ஸ் என்பது அதன் தடிமன் எண். 5எக்ஸ் டிப்பெட்டின் தடிமன் எவ்வளவு தெரியுமா? 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும், அப்படியென்றால் 5எக்ஸ் ஆயிரத்தில் 6 பங்கு, சுமார் 0.15 மில்லிமீட்டர். இந்த நரம்புக்கு முன்னால் பெரிய டிராக் (லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) என்ன செய்துவிடப் போகிறது, அறுக்கத்தான் செய்யும்.

அப்புறம் அந்தச் சத்தம். மீன் எவ்வளவு வேகத்தில் போகிறது, எப்போது தளர்கிறது, எப்போது திரும்புகிறது எல்லாம் காதிலேயே தெரியும், ரீலைக் குனிந்து பார்க்கவே வேண்டாம். சத்தமில்லாத ரீலை நான் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

பழைய வடிவங்களைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. சார்லஸ் ஆர்விஸ் 1874-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரீலே குறுகலான ஸ்பூலோடு, பக்கமெல்லாம் ஓட்டை போட்டுத்தான் இருந்தது. எடையும் குறையும், ஈர லைனும் காயும். இன்றைக்கு வாங்குகிற ரீலிலும் அதே ஓட்டைகள்தான்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

---

பாதி ஒப்புக்கொள்கிறேன் நண்பரே, மீதிக்குச் சண்டைதான்! நான் பிடிப்பது பெரும்பாலும் கெண்டை. ஒரு தடவை இதே போன்ற கிளிக் ரீலோடு போனேன், மீன் நேராக நாணல் புதரைப் பார்த்து ஓடியது, விளிம்பில் கையை வைத்து அழுத்தலாம் என்றால் கைப்பிடி சுழன்று சுழன்று விரல் முட்டியிலேயே அடிக்கிறது. கையை எடுத்தேன், மீன் நாணலுக்குள் போய்விட்டது, கதை முடிந்தது.

அதிலிருந்து எனக்கு வட்டுகள் உரசித் தடை கொடுக்கிற டிஸ்க் டிராக்தான், அதுவும் மூடிய டிராக், சேற்றிலும் மணலிலும் வைத்தாலும் உள்ளே ஒன்றும் போகாது. ஆனால் "இத்தனை கிலோ டிராக்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் பார்ப்பதே இல்லை, நன்னீரில் அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. பார்க்க வேண்டியது முதல் இழுப்பு. டிராக்கை நடுவில் வைத்து, லைனை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று அப்புறம் டக்கென்று விட்டால் அந்த ரீலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், மெல்லிய டிப்பெட் அறுவது அந்த டக்கில்தான். தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

இன்னொன்று ஆர்பர், அதாவது ஸ்பூலில் லைன் சுற்றுகிற நடுத்தண்டு. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது குறுக்களவு 8 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 25 செ.மீ. லைன் ஏறும். லைன் வெளியே போய்ப் போய் 4 செ.மீ.க்கு இறங்கிவிட்டால் ஒரு சுற்றுக்கு 12.5 செ.மீ.தான், அதோடு டிராக்கைத் தொடவே இல்லை என்றாலும் மீன் உணர்கிற இழுப்பு இரண்டு மடங்காகிவிடும். தண்ணீருக்குள் கிடக்கிற நீள லைனின் இழுவை வேறு சேரும். அதனால்தான் மீன் தூரம் போனால் டிராக்கைக் கூட்டாமல் குறைக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் எல்லாம் நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய ஆர்பர் என்றால் இந்த வித்தியாசம் குறைவு, லைனும் சுருள் சுருளாக வராது.

---

இரண்டு பேருமே டிராக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் படாத பாடு படுத்தியது ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி. பெயர் சொல்லவில்லை, பார்க்க அழகான ரீல்தான், ஆனால் லீடரின் (லைன் நுனியில் கட்டுகிற நரம்பின்) மெல்லிய முனை அந்த இடுக்கில் நழுவிப் பின்பக்கம் போய் அச்சில் சுற்றிக்கொள்ளும். இருட்டுகிற நேரத்தில், மீன் மேலே வந்து பூச்சி தின்கிற நேரத்தில், ஸ்பூலைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு நரம்பை எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது வாங்கும்போது ஒரு துண்டு டிப்பெட்டைக் கையோடு கொண்டுபோய் அந்த இடுக்கில் விட்டுப் பார்க்கிறேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கடைந்தெடுத்த அலுமினியமா, வார்ப்பா என்று கேட்டால், முடிந்தால் கடைந்ததே நல்லது. வார்ப்பு ரீலைக் கல்லில் போட்டால் சட்டம் லேசாக வளைந்தோ உடைந்தோ போகும், அப்புறம் ஸ்பூல் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும்.

எடை குறைந்த ரீல்தான் நல்லது என்று எல்லாரும் சொல்வதையும் நம்பாதீர்கள். லைன் ஏற்றிய ரீலை ராடில் மாட்டி, ராட் கைப்பிடியின் முன்பகுதியை ஒரு விரலில் வைத்துப் பாருங்கள், ராட் கிடையாக நின்றால் சரி. நுனி கீழே சாய்ந்தால் ரீல் அதற்குப் போதாது, நாள் முழுக்க மணிக்கட்டுதான் அனுபவிக்கும்.

---

முதலில் எழுதியவன்தான். நாணல் கதைக்குப் பதிலே இல்லை, கெண்டைக்கு டிஸ்க் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடி விஷயத்துக்கு மட்டும் ஒன்று: அடியிலிருந்து, ஸ்பூலின் கீழ் விளிம்பில் உள்ளங்கையைத் தாங்கினாற்போல் வைத்தால் கைப்பிடி அவ்வளவாக அடிக்காது, பக்கவாட்டில் வைத்தால் நிச்சயம் அடிக்கும்.

டிஸ்க் டிராக் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் டிராக் திருகை முழுக்கத் தளர்த்திவிடுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கிற வட்டுகள் அழுந்தி அந்த முதல் டக் வந்து சேரும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடவும் வேண்டாம், பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றுகிற நூல்) உள்ளேயே நாறிவிடும். இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: இடது கைக்கு மாற்றும்போது உங்கள் மூடிய டிராக் ரீலில் ஒருவழி பேரிங்கை (ஒரு பக்கம் மட்டும் தடையில்லாமல் சுழலவிடும் உருளியை) கழற்றித் திருப்பிப் போட முடிகிறதா, இல்லை கடைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதா?